நாற்பதிலேயே எடுக்க வேண்டிய அளவு

கோல சிலாங்கூர்

அன்பு மாணவிக்கு,

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வயிறு போடுவதற்கும் சீனியும் பிரஷரும் சேர்ந்தாற்போல வருவதற்கும் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துப் பாட்டிமார் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள். மாதாமாதம் வெளியேற வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறதாம். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. மாதவிடாயில் வெளியேறுவது கருப்பையின் உட்சுவர். சினைப்பை ஓய்ந்தபின் அந்தச் சுவர் தடிப்பதே இல்லை. ஆகவே உள்ளே தங்குவதற்கு எதுவும் இல்லை. படித்தவர்கள் இதையே வேறு சொல்லில் சொல்கிறார்கள்: "எல்லாம் ஹார்மோன்." பாட்டி சொன்னதைவிட இதுதான் அதிகக் கேடு செய்கிறது. கெட்ட ரத்தத்தை நம்புகிறவருக்குப் படம் போட்டுக் காட்டிப் புரியவைத்துவிடலாம். ஹார்மோன் என்பவரிடம் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பார்க்க மறுத்துவிடுவார். ஐம்பது வயதில் தெரியவந்ததெல்லாம் ஐம்பதில்தான் தொடங்கியது என்ற எண்ணம் இரண்டு கூற்றிலும் ஒளிந்திருக்கிறது. தவறு அங்கேதான்.

இன்சுலின் எங்கே சுரக்கிறது, ஈஸ்ட்ரோஜன் யாது என்பவை தாதியர் கல்லூரியின் முதலாண்டுப் பாடம். அவற்றை விட்டுவிடலாம்.

வயிறும் சீனியும் பிரஷரும் இப்படிச் சேர்ந்து வருவதை மருத்துவம் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறது. அது தனியொரு நோயின் பெயர் அன்று. ஒரே உடம்பில் கூட்டாக வந்து சேரும் ஐந்து கேடுகளுக்கு இட்ட பெயர். 2009இல் பன்னாட்டு அமைப்புகள் கூடி ஒத்துக்கொண்ட அளவுகோலின்படி, ஆசியப் பெண்ணுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல்; ட்ரைகிளிசரைடு லிட்டருக்கு 1.7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 1.3க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் குளுக்கோஸ் 5.6 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதேனும் மூன்று இருந்தால் போதும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு அந்த அளவு சரியாக இருந்தாலும் இருப்பதாகவே கணக்கு. கிளினிக்கில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தை மருத்துவ உலகின் முன் நிறுத்தியவர் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரால்ட் ரீவன். 1988இல் ஆற்றிய பேருரையில் இதற்கு அவர் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். அவருடைய பட்டியலில் உடற்பருமன் இல்லை. வயிற்றுச் சுற்றளவு பின்னால் வந்து சேர்ந்ததுதான். 2001இல் அமெரிக்கர்கள் ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். 2005இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வேறொன்று கொண்டுவந்தது. அளவுகோல் மாறினால் நோயாளிகளின் தொகையும் மாறும். மலேசியாவில் நாடளாவிய ஓர் ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அதே மக்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலால் அளந்தபோது 32.1 விழுக்காட்டினரிடம் இந்தக் கோளாறு இருந்தது. அமெரிக்க அளவுகோலில் 34.3, கூட்டமைப்பினதில் 37.1, 2009ஆம் ஆண்டின் பொது அளவுகோலில் 42.5. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் விழுக்காடு மட்டும் சொல்லும் செய்தியை நம்பக் கூடாது. அந்த ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களிடமும், மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடமும் கூடுதலாகவே காணப்பட்டது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது: மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளோர் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் 31.4.

இனி, மாதவிடாய் முடிவின் பங்கு எவ்வளவு? வயதும் மாதவிடாய் முடிவும் ஒரே காலத்தில் நடப்பதால் இரண்டையும் பிரிப்பது கடினம். அதைப் பொறுமையாகச் செய்தது அமெரிக்காவில் 1990களின் நடுவில் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை நாற்பதுகளிலிருந்தே தொடர்ந்து பரிசோதித்து, ஒவ்வொருவரின் கடைசி மாதவிடாயையும் நடுப்புள்ளியாக வைத்து முன்னும் பின்னும் கணக்குப் பார்த்தார்கள். மொத்தக் கொழுப்பும் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பும் அந்தப் புள்ளியை ஒட்டிய ஓராண்டு முன்பின்னில் சட்டென்று ஏறின. அது மாதவிடாய் முடிவின் வேலைதான், ஐயமில்லை. ஆனால் ரத்த அழுத்தம், குளுக்கோஸ், இன்சுலின் ஆகியவை அப்படித் தாவவில்லை. வயது ஏற ஏறச் சீராகவே ஏறின. எடையும் அப்படியே. மாறியது எடையின் உள்ளடக்கம். கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பிருந்தே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. தசை கரையத் தொடங்குகிறது. தராசில் முள் பழைய வேகத்திலேயே நகர்வதால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

இதில் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, மாதவிடாய் முடிவு மிகத் தெளிவாக உயர்த்தும் எல்டிஎல் கொழுப்பு, மெட்டபாலிக் சிண்ட்ரோமின் ஐந்து அளவுகளில் இல்லவே இல்லை. ஐந்தையும் பார்த்துவிட்டு எல்டிஎல்லைப் பார்க்காமல் அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மற்றொன்று, இந்தக் கோளாறு புதிதாகத் தோன்றும் வேகம் மாதவிடாய் நின்ற பிறகு இருப்பதைவிட, அது தள்ளித் தள்ளி வரும் முந்தைய ஆண்டுகளில்தான் அதிகம் என்று அதே ஆய்வு சொல்கிறது. 'நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது காலம் கடந்த யோசனை. ஸ்வான் ஆய்வில் வெள்ளையர், கறுப்பர், இஸ்பானியர், சீனர், ஜப்பானியர் இருந்தார்கள், இந்தியர் இல்லை. ஆகவே நம் பெண்களுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தாமல், போக்கை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம் என்று முதலில் வற்புறுத்தியவர் மார்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக், ஆண்டு 1947. இடுப்பிலும் தொடையிலும் தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை, வயிற்றில் திரளும் கொழுப்புதான் நீரிழிவுக்கு இட்டுச் செல்கிறது என்று அவர் எழுதியதை உலகம் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை பெண்ணுடம்பு கொழுப்பைத் தொடைக்கு அனுப்புகிறது. அது குறையும்போது, கூடவே ஆண் ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதமும் குறைவதால், கொழுப்பு குடலைச் சுற்றிச் சேர்கிறது. அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கிறது, ட்ரைகிளிசரைடைக் கூடுதலாக உற்பத்தி செய்து ரத்தத்தில் விடுகிறது, எச்டிஎல் இறங்குகிறது. ஐந்தில் நான்குக்கு வழி இங்கேயே திறந்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. லண்டன் வாழ் தெற்காசியர்களை ஆராய்ந்த பால் மெக்கீக் 1991இல் அதை எழுதினார்: ஐரோப்பியரை ஒத்த எடையிலேயே அவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுதல். புனே மருத்துவர் யாஜ்னிக், தம்மையும் லண்டன் மருத்துவர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படத்தை 2004இல் வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. கொழுப்போ ஒருவருக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. மருத்துவ இதழ்களில் வந்த படங்களில் இதைவிடப் பயனுள்ளது அரிது. 'ஒல்லியாகத்தானே இருக்கிறார்' என்று சொல்லி ஒரு பெண்ணைப் பரிசோதிக்காமல் அனுப்பும் ஒவ்வொரு கிளினிக்கிலும் அது மாட்டப்பட வேண்டும்.

இதற்கு மேல் வட சிலாங்கூருக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது: வேலை மாறியது. மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில், 1917இல் உருவானது. உருவாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆனாலும் அதன்பின் வெகுகாலம் ரப்பர்தான் பெண்களின் வேலையாக இருந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு நிரை எனும் மரவரிசை. நாளொன்றுக்கு நானூறு முதல் அறுநூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து, மரத்தைச் சுற்றி நகர்ந்து, வெட்டி, பால் பிடிக்கும் மங்கைச் சரிசெய்து அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். வெட்டி முடித்ததும் அதே மரங்களுக்குத் திரும்பவும் போய்ப் பால் எடுத்து, நிறைந்த வாளிகளை ஸ்டோர் வரை சுமக்க வேண்டும். தொடையும் கெண்டைக்காலும் ஓயாமல் உழைத்தன. உணவுக்குப்பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை உறிஞ்சுவது எலும்புத் தசை. அதிலும் சுருங்கி விரியும் தசை இன்சுலினின் துணையில்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு ரப்பரின் இடத்துக்குச் செம்பனை வந்தது. குலை வெட்டுவது ஆண்களிடம் போனது. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் மருந்தடிப்பதும் மிஞ்சின. பின்னர் அவையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் போயின. தோட்டங்கள் விற்கப்பட, லயத்து வீடுகளிலிருந்து குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. முருங்கையும் பசலையும் நின்ற கொல்லை போனது. பேக்டரி பஸ் வாசலுக்கே வருகிறது. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. அம்மாவின் நிரையில் நடந்த கால்களுக்கு மகளின் காலத்தில் வேலை இல்லை. சோற்றின் அளவு மட்டும் நிரையில் நடந்த காலத்து அளவிலேயே நிற்கிறது.

இதைச் சொன்னால் சிலர் உடனே தோட்ட வாழ்க்கை எவ்வளவு ஆரோக்கியமானது என்று ஏங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. ரத்தசோகையும் ஓயாத பிரசவமும் பூச்சி மருந்தும் அந்தப் பெண்களைத் தின்றன. தசை உழைத்தது என்ற ஒன்றுதான் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது.

உழைப்பும் வயிறும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸின் லண்டன் பஸ் ஆய்வைவிட நல்ல சான்று கிடையாது. மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு கூடுதல் என்று 1953இல் மாரிஸ் காட்டினார். இதைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அவை சொல்லாமல் விடுவது 1956இல் அவரும் தோழர்களும் எழுதிய இரண்டாம் கட்டுரை. பஸ் நிறுவனம் தொழிலாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டை எடுத்து, கால்சட்டையின் இடுப்பளவை ஒப்பிட்டார்கள். உயரம் ஒன்றாக, வயது ஒன்றாக இருந்தும் ஓட்டுநரின் கால்சட்டையே அகலம். பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களோ என்ற கேள்வியையும் அந்தப் பதிவேடே எழுப்பியது. ஆராய்ச்சியாளர்கள் அதை மூடிமறைக்காமல் எழுதினார்கள். நோய் வருமுன்பே தையல் கணக்கில் அது எழுதப்பட்டிருந்தது என்பதுதான் அதில் வியப்பு.

தஞ்சோங் காராங்கிலும் ஈஜோக்கிலும் ரவிக்கை தைக்கும் அம்மாக்களிடம் இதே பதிவேடு இருக்கிறது. வாடிக்கைக்காரர் பெயர், மார்பு, இடுப்பு, கை, தேதி. ஒரே பெண்ணின் பத்தாண்டு அளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கிளினிக் அட்டையில் இல்லாத வரலாறு கிடைக்கும். நம் உடையின் அமைப்பு அந்த வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். உள்பாவாடை நாடாவை ஒவ்வோர் ஆண்டும் இரண்டு விரற்கடை தளர்த்தி முடிந்துகொண்டால் பாவாடை சரியாகவே இருக்கும். பஞ்சாபி சூட்டின் கால்சட்டையிலும் நாடாதான். கால்சட்டைப் பொத்தான் பூட்டவில்லை என்று ஆணுக்குத் தெரிவதுபோலப் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆகவே டேப் எடுத்துத்தான் அளக்க வேண்டும். அளக்கும் விதத்தில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பாவாடை நாடாவின் தடத்தில் அளப்பது தவறு. தொப்புளைக் குறியாக வைப்பதும் தவறு, தொங்கும் வயிற்றில் தொப்புள் இடம் மாறிவிடும். உடம்பின் பக்கவாட்டில் விரலால் தடவிக் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். டேப் முதுகுப் பக்கம் சரியாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தோலை அழுத்தக் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிந்த நொடியில் படிக்க வேண்டும். வெட்கத்தில் வயிற்றை எக்கும் பெண்ணிடம் இரண்டு பேச்சுப் பேசிவிட்டு மறுபடி அளப்பதுதான் நல்ல தாதிக்கு அழகு.

உணவைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. ஒன்றை மட்டும் சொன்னால் போதும். டின் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலை ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று என்று டின் பால் தேத்தண்ணி குடிக்கும் பெண், 'நான் இனிப்பே தொடுவதில்லை' என்று மனமறிய உண்மையாகவே சொல்வார். லட்டும் கேசரியும்தான் அவர் கணக்கில் இனிப்பு. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: 'ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?'

மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு காந்துதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கின்றன; தூக்கம் குறைந்தால் இன்சுலின் எதிர்ப்பு ஏறும். இந்தத் தொல்லைக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு மருத்துவர் எடைபோட்டுக் கொடுக்கலாம். நீரிழிவையோ மாரடைப்பையோ தடுப்பதற்காக அதைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வு ஒன்று 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டபின் அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

மாதவிடாய் நின்ற வயதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கர்ப்பத்தில் சீனி இருந்ததா? இருந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்குக் குறையாது. பிள்ளை பிறந்ததும் சீனி 'போய்விட்டது' என்று குடும்பமே மறந்துவிடும். அடுத்து, கர்ப்பப்பை எடுத்தபோது சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? எடுத்திருந்தால் அவருக்கு மாதவிடாய் முடிவு அந்த அறுவை சிகிச்சை அன்றே நடந்துவிட்டது. நாற்பது வயதானாலும் ஐம்பத்தைந்து வயதுக்காரராகவே அவரைக் கவனிக்க வேண்டும்.

மாற்ற முடியுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரில் உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடம் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிடம் 26.4. மாத்திரைக்கு நடை சளைத்ததில்லை. அதுவும் நம் சோறு, நம் மரபணுவோடு. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்போடு இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் கேட்கிறது. இரண்டாவதைத்தான் நம் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, அடுக்குமாடியில் லிப்டை விட்டுப் படியேறுவது, இவையே தொடக்கத்துக்குப் போதும்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதை எட்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். நாற்பது வயதை எட்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் டேப் பிடிப்பது, மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கியதும் வெறும் வயிற்றுக் குளுக்கோஸ், கொழுப்பு நான்கும் (மொத்தம், எல்டிஎல், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு), பிரஷரும் பார்ப்பது, பிறகு ஆண்டுக்கொருமுறை அதையே திரும்பச் செய்வது: தாதி ஒருவர் தம் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை இவ்வளவுதான். படிப்பு முடிந்து ஈஜோக்கிலோ ஜெராமிலோ சபாக் பெர்ணாமிலோ வேலை கிடைக்கும் அன்றே இதைத் தொடங்கிவிடு. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்